பெயர் கூப்பிடாமல் அசையாத கை

பகல் நேரம். ஒரு கல்யாண ரவிக்கைக்குக் கை வைத்துத் தைத்துக்கொண்டிருந்தேன். வாசலில் ஒரு சைக்கிள் வந்து நின்றது. மணியும் அடிக்கவில்லை, யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடவும் இல்லை. ராயபுரத்தில் துறைமுகத்து ஆளுக்கு வாழ்க்கைப்பட்ட எந்தப் பெண்ணுக்கும் அந்த மௌனம் பிடிக்காது. வேலை நேரத்தில் வந்து நின்று வாய் திறக்காத சைக்கிள் நல்ல சேதி கொண்டுவருவதில்லை. என் கணவர் ஆரோக்கியம் துறைமுக வேலையை விட்டுப் பல வருஷம் ஆகிறது. அவர் பின்கட்டில் முகம் மழித்துக்கொண்டிருந்ததும் எனக்குத் தெரியும். தெரிந்தும், ஓடிக்கொண்டிருந்த தையல் மிஷினின் சக்கரத்தை என் கை தானாகப் பிடித்து நிறுத்தியது.

வந்தவர் சவரிமுத்து அண்ணனின் மருமகன். திருவொற்றியூரிலிருந்து வெயிலில் மிதித்து வந்திருந்தார்.

"மாமா போய்ட்டாருக்கா. காலைல டீ குடிச்சாரு. நாற்காலில குந்திகினு பேப்பர் பாத்துகினு இருந்தாரு. நாஷ்டாவுக்குக் கூப்ட்டா பதில் இல்ல."

பதில் இல்லை என்ற சொல்தான் என்னை அடித்தது. அது ஏன் என்று அவரைத் தெரிந்தவர்களுக்குப் புரியும். தெரியாதவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

இறந்தவரைப் பற்றி எழுதும்போது அஞ்சாநெஞ்சர், எதற்கும் கலங்காதவர் என்றெல்லாம் எழுதுவது நம் வழக்கம். சவரிமுத்து அண்ணனைப் பற்றி அப்படி எழுதினால் கல்லறைக்குள்ளிருந்து அவரே சிரித்துவிடுவார். உள்ளதைச் சொல்கிறேன், யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம். நான் பார்த்த மனிதர்களிலேயே மிகப் பெரிய பயந்தாங்கொள்ளி அவர்தான். அந்தப் பயத்தின் புண்ணியத்தில்தான் என் கழுத்தில் இன்னமும் தாலி இருக்கிறது.

அறுபதுகளின் தொடக்கத்தில் நான் கல்யாணமாகி ராயபுரத்துக்கு வந்தபோது அவர் எங்கள் அடுத்த வீட்டுக்காரர். ஒரே சுவர்தான் இரண்டு வீட்டுக்கும் நடுவில். ஆள் நல்ல உயரம், பரந்த தோள். பார்த்தால் நாலு பேரை அடிப்பவர்போல இருப்பார். ஆனால் பிள்ளைகள் ஆடும் ஊஞ்சலைக் கண்டால் நின்று, கயிற்றை இழுத்துப் பார்த்து, முடிச்சை அவிழ்த்து மறுபடி கட்டிவிட்டுத்தான் நகர்வார். சினிமாக் கொட்டகையில் வாசல் ஓரத்து இருக்கை கிடைக்காவிட்டால் வீட்டுக்குத் திரும்பிவிடுவார். மாதா கோயில் திருவிழாவில் எல்லோரும் தேரின் மேலிருக்கும் மாதாவைப் பார்த்துக் கும்பிடுவார்கள். அண்ணன் மட்டும் குனிந்து சக்கரத்தையும் முட்டுக்கட்டையையும் பார்த்துக்கொண்டு போவார்.

நான் வாய்த் துடுக்குக்காரி. "இன்னாண்ணே, மாதா மேல கீறாங்க, நீ கீழ யாரக் கும்புடற?" என்று கேட்டுவிட்டேன்.

"மாதாவ ஊரே பாக்குது தங்கச்சி. சக்கரத்த யாரு பாக்கறாங்க?" என்றார்.

துறைமுகத்தில் அவர் சைகைக்காரர். கப்பலின் அடித்தளத்தில் ஆட்கள் நின்று சரக்கைக் கயிற்றில் கட்டுவார்கள். மேல்தளத்தில் வின்ச் என்ற பாரம் தூக்கும் இயந்திரத்தை ஓட்டுகிறவர் அதைத் தூக்குவார். தூக்குகிறவருக்குக் கீழே இருப்பவர்கள் தெரிய மாட்டார்கள். நடுவில் விளிம்பில் நின்று கீழேயும் மேலேயும் பார்த்துக் கையால் சைகை காட்டுவதுதான் அண்ணனின் வேலை. உள்ளங்கை மேலே பார்த்தால் தூக்கு. கீழே பார்த்தால் இறக்கு. விரல்களை மடக்கி மூடினால் நிறுத்து. தூக்கு, நிறுத்து என்று வாயால் கத்துகிற பழக்கம் அவருக்குக் கிடையாது. "சத்தம் போட்டா மனுசன் துள்ளுவான். துள்ளுனா தப்பு பண்ணுவான்" என்பார்.

அவருக்கென்று ஒரு வழக்கம் இருந்தது. ஒவ்வொரு முறை சரக்கு எழும்புவதற்கு முன்னும் கீழே இருக்கும் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். கூப்பிடப்பட்டவர் தன் வாயால் "கீறேன்", அதாவது இருக்கிறேன், என்று சொல்ல வேண்டும். இரைச்சலில் ஒருவருக்குக் காது கேட்கவில்லை என்றால், பக்கத்தில் இருப்பவர் அவர்மேல் கையை வைத்து, "நான் பாத்துகினு கீறேன்" என்று அவருக்காகச் சொல்லலாம். பார்க்காமல், தொடாமல், யாருக்காகவும் யாரும் பதில் சொல்லக் கூடாது. ஒரு பதில் குறைந்தாலும் அண்ணனின் கை திறக்காது. மேஸ்திரி திட்டினாலும் சரி, கப்பல்காரர்கள் கைக்கடிகாரத்தைக் காட்டினாலும் சரி.

என் கணவரும் அப்போது அதே கூட்டத்தில்தான் வேலை செய்தார். தினமும் வீட்டுக்கு வந்து அந்தப் பெயர் கூப்பிடும் படலத்தை நடித்துக் காட்டுவார். "இஸ்கோலு பசங்க மாரி ஆஜர் சொல்லிகினு நிக்கணும். பேஜாரா கீது லூர்து" என்று சலித்துக்கொள்வார். நானும் சிரிப்பேன். அண்ணன் வீட்டுச் சுவர் பக்கத்திலேயே இருப்பதால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பேன்.

பிறகு அந்த வண்டி வந்தது.

கப்பலில் வந்த அமெரிக்கக் கார் அது. ஒரு வெளிநாட்டு அதிகாரி வைத்திருந்து, ஊருக்குத் திரும்பும்போது விட்டுப்போனது. கைமாறிக் கைமாறி எப்படியோ என் கணவரிடம் வந்து சேர்ந்தது. கடல் பச்சை நிறம். எங்கள் சந்தில் திருப்ப முடியாத நீளம். ஸ்டியரிங் இடது பக்கம். ராயபுரத்தில் எந்தக் கல்யாணம் என்றாலும் மணப்பெண் கோயிலுக்கு அதில்தான் போக வேண்டும் என்று ஆகிவிட்டது. ரவிக்கை நான் தைப்பேன், வண்டி அவர் ஓட்டுவார். துறைமுக வேலையை விட்டுவிட்டார்.

அந்த வண்டிக்கு கிளச் கிடையாது. ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு சின்னக் கோல், அதன்மேல் ஆங்கில எழுத்துகள். கோலை ஓர் எழுத்தில் வைத்துவிட்டால் வண்டி தன் பாட்டுக்குக் கியர் மாற்றிக்கொள்ளும். ஊரே வாயைப் பிளந்தது. எனக்கு மட்டும் அந்த வண்டியைக் கண்டால் உடம்பு கூசும். இஞ்சின் ஓடும்போது பிரேக்கிலிருந்து காலை எடுத்தால் போதும், யாரும் முடுக்காமலே அது ஊர ஆரம்பிக்கும். ஒருமுறை கோயில் வாசலில் மணப்பெண்ணுக்குக் கதவு திறந்துவிட என் கணவர் இறங்கினார். கோலை நிறுத்தும் எழுத்துக்குத் தள்ள மறந்துவிட்டார். பெண்ணை உள்ளே வைத்துக்கொண்டு, டிரைவர் இல்லாமல், வண்டி பூக்காரிகளைப் பார்த்து மெல்ல நகர்ந்தது. அவர் ஓடிப்போய் உள்ளே விழுந்து நிறுத்தினார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். கூட்டத்தில் அண்ணனும் இருந்தார். அவர் முகத்தில் சிரிப்பில்லை, வெளுத்துப்போயிருந்தார்.

"தானா போற வண்டிய நம்பாதே நைனா" என்று மட்டும் என் கணவரிடம் சொன்னார். அன்றிலிருந்து அந்த வண்டி எதிரே வந்தால் தெருவின் அந்தப் பக்கம் போய்விடுவார்.

அடுத்த மழைக்காலத்தில் வண்டிக்கு நோய் வந்தது. முடுக்கினால் இஞ்சின் உறுமும், வண்டி நகராது. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுத் திடீரென்று தாவும். பாலத்தில் ஏறும்போது ஒருநாள் மேலேயும் போகாமல், உறுமிக்கொண்டே பின்னால் சரிந்தது. பின் சீட்டில் ஒரு கல்யாண வீட்டார் முழுக்க இருந்தார்கள். நானும் இருந்தேன். பின்னால் சுமை ஏற்றிய லாரி வந்துகொண்டிருந்தது. யாரோ புண்ணியவான்கள் ஓடிவந்து சக்கரத்துக்குக் கல் வைத்தார்கள். அன்று ஜெபமாலையை இறுக்கிப் பிடித்ததில் என் உள்ளங்கையில் மணிகளின் தழும்பு விழுந்துவிட்டது.

கியர் பெட்டிக்குள் ஓடும் எண்ணெய் கருகிவிட்டதுதான் காரணம். என் கணவர் எண்ணெய் அளவு பார்க்கும் குச்சியை உருவிப் பார்த்தார். ரத்தச் சிவப்பாக இருக்க வேண்டிய எண்ணெய், அடிப்பிடித்த வெல்லப்பாகுபோல் கறுத்து நாறியது. மவுண்ட் ரோட்டு ஒர்க்‌ஷாப்புகளில் யாரும் தொட மாட்டேன் என்றார்கள். கிளச் இல்லாத வண்டியைத் திறந்து பழக்கமில்லை என்று கையை விரித்தார்கள். அந்த எண்ணெய் விற்கும் கடை ஒன்று மட்டும் இருந்தது. டின்களை வாங்கிவந்து, "நம்ம வூட்லயே மாத்திடலாம், இன்னா பிரமாதம்" என்றார் என் கணவர்.

வண்டியோடு ஓர் ஆங்கிலப் புத்தகம் வந்திருந்தது. நான் கன்னியர் பள்ளியில் படித்தவள். எழுத்துக் கூட்டி வாசித்து அர்த்தம் சொன்னேன். பழைய எண்ணெயை வடித்து, அடித்தட்டைக் கழற்றிக் கழுவி, புது எண்ணெய் ஊற்ற வேண்டும். அதுவரைக்கும் பயமில்லை. அதற்கப்புறம்தான் பயப்பட வேண்டிய பக்கம் வந்தது. கொஞ்சம் ஊற்றியபின் இஞ்சினை ஓடவிட வேண்டும். பிரேக்கை மிதித்தபடியே கோலை ஒவ்வோர் எழுத்துக்கும் நகர்த்தி எண்ணெயை உள்ளே எங்கும் ஓடச் செய்ய வேண்டும். இஞ்சின் ஓடும்போதே அளவு பார்த்து மீதியை ஊற்ற வேண்டும். அப்படியென்றால் ஒருவர் உள்ளே உட்கார்ந்து பிரேக்கை மிதித்துக்கொண்டிருக்க வேண்டும்.

"நீதான்" என்றார் என் கணவர்.

கடற்கரைச் சாலையில் அவர் பக்கத்தில் இருக்க, கொஞ்ச தூரம் அதை ஓட்டியிருக்கிறேன், உண்மைதான். அது விளையாட்டு. மாட்டேன் என்றேன். வேறு ஆள் இல்லை என்றார். ஊற்றுகிற வேலையை யார் கையிலும் விடமாட்டாராம். நான் நேராக அடுத்த வீட்டுக்குப் போய் அண்ணனிடம் சொன்னேன். "நீ வரலன்னா நான் குந்த மாட்டேண்ணே."

அவர் சட்டையை மாட்டிக்கொண்டே கேட்டார்: "வண்டிக்குக் கீழ யாரு இருப்பா?"

ஞாயிற்றுக்கிழமை முதல் பூசை முடிந்து வந்து ஆரம்பித்தோம். வீட்டுக்குப் பின்னால், கூட்ஸ் லைன் சுவரை ஒட்டிய காலி இடம். பழைய தண்டவாளக் கட்டைகளை அடுக்கி, நாலு சக்கரமும் அவற்றின்மேல் நிற்கும்படி வண்டியை ஏற்றியிருந்தார் என் கணவர். கீழே ஒரு ஆள் மல்லாந்து நுழைய இடம் கிடைத்தது. சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் சின்னச் சின்ன ஆப்புகள். அண்ணன் வந்ததும் ஒவ்வோர் ஆப்பையும் காலால் உதைத்துப் பார்த்தார். முகம் சுளித்தார்.

"இது பத்தாது நைனா."

"அண்ணாத்தே, இது கப்பலு இல்ல, காரு" என்றார் என் கணவர்.

எண்ணெய் கறுப்பாக, சூடாக, தொட்டிக்குள் கொட்டியது. தட்டைக் கழற்றினார்கள். அடியில் சாம்பல்போல் இரும்புப் பொடி படிந்திருந்தது. மண்ணெண்ணெயில் கழுவினார்கள். தட்டுக்கும் பெட்டிக்கும் நடுவில் வைக்கும் தக்கைப் பட்டை கிழிந்துபோயிருந்தது. புதுத் தக்கைத் தாளில் தட்டை வைத்து வரைந்து, என் தையல் கத்தரிக்கோலால் நானே வெட்டிக் கொடுத்தேன். எல்லாம் பூட்டி, முதல் டின் எண்ணெயை ஊற்றியாயிற்று. இனி இஞ்சினைப் போட வேண்டியதுதான்.

அப்போது என் கணவர் மறுபடி வண்டிக்குக் கீழே நுழைந்தார். வடித்த எண்ணெயைக் கொட்டிவிட்டுக் காலியாக வைத்திருந்த எனாமல் தொட்டிக்குப் பக்கத்தில் தலையை வைத்துப் படுத்துக்கொண்டார்.

"இன்னா பண்ற?" என்றார் அண்ணன்.

"ஓடறப்போதான் எங்க ஒழுவுதுன்னு தெரியும். நான் பாத்துகினு இருக்கேன். லூர்து, வண்டியப் போடு."

"வெளிய வா. கீழ பேப்பரப் போட்டு வை. ஒழுவுனா பேப்பரு சொல்லும்."

"பேப்பரு எங்கன்னு சொல்லாது அண்ணாத்தே. சொம்மா பயமுறுத்தாத."

நான் உள்ளே உட்கார்ந்திருந்தேன். கதவு திறந்திருந்தது. எனக்குக் கணவரின் கால்கூடத் தெரியவில்லை. எனக்குக் கீழே, தகரத்துக்கு அந்தப் பக்கம், அவருடைய நெஞ்சு இருக்கிறது என்று மட்டும் தெரியும். வண்டி கட்டையை விட்டு இறங்கினால் அவ்வளவு கனமும் அந்த நெஞ்சில்தான் இறங்கும். வலது காலைப் பிரேக்கின்மேல் வைத்தேன். அது அங்கே நிலையாக நிற்கவில்லை. மாதாவே என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

அண்ணன் வண்டிக்கு முன்னால், சற்று ஒதுங்கி, எனக்குத் தெரிகிற இடத்தில் நின்றார். என்னை மேலும் கீழும் பார்த்தார். என் காலைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கப்பலில் செய்வதுபோல் கூப்பிட்டார்.

"லூர்து?"

"கீறேண்ணே."

"ஆரோக்கியம்?"

பதில் இல்லை. என் கணவருக்கு எரிச்சல். துறைமுகத்தை விட்டு வந்தும் ஆஜர் சொல்ல வேண்டுமா என்ற வீம்பு.

"ஆரோக்கியம்?"

எனக்கு எப்படியாவது இது முடிந்தால் போதும் என்றிருந்தது. "கீறாருண்ணே, கீழதான் கீறாரு" என்றேன்.

"நீ பாத்தியா?"

"இல்ல."

"பாக்காம பதில் சொல்லாத தங்கச்சி."

அவ்வளவுதான் சொன்னார். மூடிய கையை எனக்குக் காட்டினார். நிதானமாக நடந்து வந்து, திறந்திருந்த கதவு வழியாகக் குனிந்து, சாவியை உருவித் தன் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். பிறகு ஒரு கட்டையின்மேல் உட்கார்ந்துவிட்டார்.

என் கணவர் எண்ணெயும் மண்ணுமாக வெளியே வந்தார். அக்கம்பக்கம் எல்லாம் ஜன்னலில் எட்டிப் பார்த்தது. வாய்க்கு வந்தபடி கத்தினார். "ஊரே உன்னைப் பாத்து சிரிக்குது, தெரியுமா? பயந்தாங்கொள்ளி! அவனவன் நடுக்கடலுக்குப் போறான், நீ காருக்கு பயந்துகினு கீற!"

"ஆமா நைனா, பயமாத்தான் கீது" என்றார் அண்ணன். "பயமா கீதுன்னு சொல்றதுக்கு இன்னா வெக்கம்? பயப்படாத மாரி நிக்கறதுக்குத்தான் பயமா கீது."

என் கணவர் கோபத்தோடு பேப்பரை எடுத்து வண்டிக்குக் கீழே விரித்தார். எண்ணெய் டின்னோடு போய் பானெட் பக்கத்தில் நின்றார். அண்ணன் அவர் தோளைப் பிடித்து இன்னும் தள்ளி, சக்கரத்தின் வழியில் இல்லாதபடி பக்கவாட்டில் நிறுத்தினார். சாவியை என்னிடம் கொடுத்தார். தன் இடத்துக்குப் போய்ப் பெயர்களைக் கூப்பிட்டார். இந்த முறை இரண்டு பெயருக்கும் பதில் வந்தது. உள்ளங்கை திறந்தது.

இஞ்சினைப் போட்டேன். குளிர்ந்துபோயிருந்ததால் அது வேகமாக இரைந்தது. பின்னால் போகும் எழுத்துக்குக் கோலைத் தள்ளினேன். வண்டி ஒரு உலுக்கு உலுக்கி நின்றது. என் பற்கள் ஒன்றோடொன்று இடித்தன. நடு எழுத்துக்குக் கொண்டுவந்தேன். பிறகு முன்னால் போகும் எழுத்து.

டங்கென்று அடியில் ஒரு சத்தம். வண்டி ஆப்பில் முட்டியது. அண்ணனின் விரல்கள் மடங்கின. நிறுத்து.

நான் நிறுத்தினேன். வாழ்நாள் முழுக்க எப்படி நிறுத்தினேனோ அப்படி நிறுத்தினேன். இரண்டு கையாலும் ஸ்டியரிங் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு, பிரேக்கிலிருந்து காலைத் தூக்கிவிட்டேன். தையல்காரிக்கு அதுதான் நிறுத்துவது. மிஷின் தறிகெட்டு ஓடினால் கை சக்கரத்தைப் பிடிக்கும், கால் மிதிபலகையை விட்டுவிடும். எனக்குக் கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே வந்த பழக்கம் அது. யோசிக்க நேரம் இருந்தால்தானே யோசிப்பதற்கு.

வண்டி ஆப்பின்மேல் ஏறித் தாவியது. முன்சக்கரங்கள் கட்டையை விட்டுக் கீழே விழுந்தன. இடி விழுந்த மாதிரி ஒரு சத்தம். என் தலை கூரையில் மோதியது. வண்டியின் மூக்கு தரையைத் தொட, அது அப்படியே நின்றது. இஞ்சின் அணைந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் கூட்ஸ் வண்டி ஒன்று போய்க்கொண்டிருந்தது. 

எனாமல் தொட்டி அப்பளமாக நசுங்கிக் கிடந்தது. விரித்த பேப்பர் முழுக்க சிவப்பு. நசுங்கிய அடித்தட்டிலிருந்து வழிந்த புது எண்ணெய்தான், ஆனால் பார்த்த கண்ணுக்கு அது எண்ணெயாகத் தெரியவில்லை. என் கணவர் தொட்டியைப் பார்த்தார். அதன் பக்கத்தில் சற்றுமுன் அவர் தலை இருந்த இடத்தைப் பார்த்தார். கையிலிருந்த டின் நழுவி விழுந்ததுகூட அவருக்குத் தெரியவில்லை. நான் இறங்கி ஓடிப்போய் அவரைத் தொட்டுப் பார்த்தேன். முகத்தை, தோளை, நெஞ்சை. ஊரே பார்க்கிறது என்ற நினைப்பில்லாமல் அவரைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

அண்ணன் சுவரோரமாகப் போய் வாந்தி எடுத்தார். திரும்பி வந்து தரையிலேயே உட்கார்ந்தார்.  தண்ணீர் கொடுத்தேன், செம்பு பல்லில் மோதியது.

"உன் காலு மிஷின் காலும்மா" என்றார். "பிரேக்குல வச்சும் முன்னும் பின்னும் ஆடிகினே இருந்தது. அதப் பாத்துதான் சாவிய எடுத்தேன். கீழ யாரும் இல்லன்னா வண்டி எங்க வேணா வுழட்டும்."

அப்புறம் அவராகவே ஒன்றைச் சொன்னார். அதுவரை யாரிடமும் சொல்லாததாம். இளவயதில், சைகை வேலைக்கு வந்த புதிதில், கீழே எல்லோரும் ஒதுங்கிவிட்டார்கள் என்று யாரோ சொல்ல, அதை நம்பிக் கையைத் திறந்துவிட்டார். சாப்பாட்டுத் தூக்கை மறந்து வைத்துவிட்ட ஒருவர் அதை எடுக்கத் திரும்பிப் போயிருந்தார். கயிறு அறுந்தது.

"ஒரு பேரு வுட்டுப்போச்சு தங்கச்சி. தெனம் மொதல் பேரா மனசுக்குள்ள அத்தத்தான் கூப்புடறேன். பதிலு வராது. அதான் அப்பால எல்லாரையும் வாய் வுட்டுக் கூப்புடறேன்."

என் கணவர் அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். "அண்ணாத்தே, என்னை ஒரு தபா கூப்புடு" என்றார். அண்ணனுக்குப் புரியவில்லை. "கூப்புடேன்." "ஆரோக்கியம்" என்றார் அண்ணன். "கீறேன்" என்றார் என் கணவர். சொல்லிவிட்டு முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

நசுங்கிய அடித்தட்டைத் தட்டி நிமிர்த்தி, புதுத் தக்கை வெட்டி, மறு ஞாயிறு மறுபடி செய்தோம். பெரிய ஆப்புகளோடு, கீழே ஒருவரும் இல்லாமல். உள்ளே என் கணவர் உட்கார்ந்தார், எண்ணெயை நான் ஊற்றினேன். வண்டி பிறகு எத்தனையோ மணப்பெண்களைக் கோயிலுக்குக் கொண்டுபோனது. ஆனால் ஒரு மாற்றம். வண்டியை எடுக்குமுன் என் கணவர் திரும்பிப் பார்த்து உள்ளே இருக்கும் ஒவ்வொருவரையும் பெயர் கேட்டுக் கூப்பிட ஆரம்பித்தார். கல்யாண வீட்டார் சிரிப்பார்கள். மணப்பெண்கள் வெட்கத்தில் பதில் சொல்ல மாட்டார்கள். பதில் வரும்வரை வண்டி நகராது.

ஓய்வு பெற்றபின் அண்ணன் மகள் வீட்டோடு திருவொற்றியூருக்குப் போனார். அங்கே பயப்படுவதற்கு அவருக்குக் குறையே இல்லை. மணலிப் பக்கம் எண்ணெய் ஆலையின் புகைபோக்கியில் நெருப்பு எரிவதைப் பார்த்தால் ஈரத் துண்டைத் தயாராக வைத்துக்கொள்வார். எண்ணூர் சாலையில் டாங்கர் லாரி போனால் பேரப்பிள்ளைகளைச் சுவரோடு சேர்த்து நிறுத்திவிடுவார். நாங்கள் போனால் ரிக்‌ஷா கிளம்புமுன் எங்கள் இருவர் பெயரையும் கூப்பிடுவார். கடைசியாகப் பார்த்தபோதும் கூப்பிட்டார். என் கணவர் விளையாட்டாகக்கூட ஒருநாளும் பதில் சொல்லாமல் இருந்ததில்லை.

அடக்கத்துக்குத் துறைமுகத்துப் பழைய கூட்டம் முழுக்க வந்திருந்தது. நரைத்த தலைகள். பெட்டியைக் கயிற்றில் தாங்கிப் பிடித்தவர்கள் எல்லோரும் ஒருகாலத்தில் கப்பலின் அடித்தளத்தில் அவர் குரலுக்குப் பதில் சொன்னவர்கள். குருவானவர் ஜெபத்தை முடித்துப் புத்தகத்தை மூடினார். இறக்க வேண்டியதுதான். ஒருவரும் இறக்கவில்லை. கயிற்றைப் பிடித்தபடி எதையோ எதிர்பார்த்து நின்றார்கள். குருவானவர் புரியாமல் பார்த்தார். எனக்குப் புரிந்தது. யாராவது கை காட்ட வேண்டும்.

என் கணவர் குழியின் தலைமாட்டில் போய் நின்றார். கயிறுகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தார். மண்டியிட்டுக் குனிந்து குழிக்குள் பார்த்தார். எழுந்து, கயிறு பிடித்திருந்தவர்களின் பெயரை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டார். "கீறேன்." "கீறேன்." வரிசையாகப் பதில்கள் வந்தன. கடைசியில் இன்னொரு பெயரையும் கூப்பிட்டார்.

"சவரிமுத்து அண்ணே?"

காற்று மட்டும் அடித்தது. அவருடைய கூட்டத்தில் ஒரு பதில் குறைந்தால் கயிறு அசையாது. பழகிய கைகள் அசையவில்லை. என் கணவரின் விரல்கள் மூடியபடியே இருந்தன. இப்படியே நிற்கப்போகிறோமோ என்று எனக்குப் பயமாக இருந்தது.

நான் முன்னால் போனேன். பெட்டியின்மேல் கையை வைத்தேன். அவருடைய முகத்தைக் காலையில் என் கண்ணால் பார்த்திருந்தேன், இப்போது தொட்டுக்கொண்டும் இருந்தேன். அவர் வைத்த சட்டப்படி, அவருக்காக நான் பேசலாம்.

"நான் பாத்துகினு கீறேன்" என்றேன். "இங்கதான் கீறாரு. எறக்குங்க."

என் கணவரின் கை திறந்தது. உள்ளங்கை கீழே பார்த்தது. ஒரு குலுக்கல் இல்லாமல், ஒரு பக்கம் சாயாமல், பெட்டி இறங்கியது.

போய் வாருங்கள் அண்ணே. கீழே யாரும் இல்லை. நாங்கள் பார்த்துவிட்டோம்.